கேஸ் அடுப்பு மெக்கானிக்கின் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை? மரைன் ஹில் காட்டும் கணக்கு

ஸ்ரீ விஜயபுரம்: வீட்டுக்கு வந்து எரிவாயு அடுப்பைச் சரிசெய்யும் சுயதொழில் மெக்கானிக் ஒருவர், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கட்டணம் கேட்க வேண்டும்? நாள்கூலியை எட்டால் வகுத்தால் விடை கிடைத்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படிக் கிடைக்கும் தொகை, தொழிலை நடத்த உண்மையில் தேவைப்படுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இந்த இடைவெளியால் மெக்கானிக்கின் வருமானம் குறைவதோடு, வேலை முடிந்தபின் செய்ய வேண்டிய கசிவுச் சோதனையும் அவசரத்தில் விடுபட்டுப் போகிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரில் உள்ள மரைன் ஹில் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்தக் கட்டணக் கணக்கு எப்படி அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மரைன் ஹில்லில் என்ன வேறுபாடு?

போர்ட் பிளேர் என்று நீண்ட காலம் அறியப்பட்ட நகரின் பெயர், ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்படுவதாக 2024 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. அந்நகரில் கடலைப் பார்த்தபடி அமைந்த மேட்டுப் பகுதியே மரைன் ஹில். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கோரியா வடிவமைத்த 'பே ஐலேண்ட்' ஓட்டல் இங்குதான் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

வீடுகளின் இரட்டை பர்னர் அடுப்பு முதல் உணவகங்களின் பெரிய அடுப்பு வரை, இத்தகைய சுற்றுலா நகரில் பழுதுபார்க்கும் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் தீவின் சூழல் அந்த வேலையின் செலவைக் கூட்டுகிறது. இரண்டு பருவமழைகளையும் பெறும் இந்நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உப்புக் காற்றும் ஈரப்பதமும் அடுப்பின் இரும்புப் பாகங்களை விரைவில் துருப்பிடிக்கச் செய்கின்றன. உதிரிபாகங்கள் பெரும்பாலும் சென்னை போன்ற நகரங்களிலிருந்து வர வேண்டும். சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் வந்து சேர மூன்று நாட்கள் வரை ஆகும். கையிருப்பில் இல்லாத ஒரு சிறிய வால்வுக்காக ஒரே வீட்டுக்கு இருமுறை செல்ல நேர்வதும் உண்டு.

யார் எதைத் தொடலாம்?

கட்டணத்தைத் தீர்மானிக்கும் முன், வேலையின் எல்லையைத் தெளிவாக்க வேண்டும். வீட்டில் உள்ள 14.2 கிலோ சிலிண்டரும் அதன் மேல் பொருத்தப்படும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் உடைமை. வைப்புத்தொகை பெற்றுக்கொண்டே அவை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவற்றில் கோளாறு இருந்தால் விநியோகஸ்தரிடமே தெரிவிக்க வேண்டும். வெளியார் பிரித்துப் பார்ப்பது கூடாது. அடுப்பு மட்டுமே வாடிக்கையாளருக்குச் சொந்தமானது. பர்னர், ஜெட், திருப்பும் குமிழ், அதன் பின்னுள்ள வால்வு ஆகியவற்றைச் சுத்தம் செய்வதும் மாற்றுவதும் சுயதொழில் மெக்கானிக்கின் பணி.

வீட்டு உபயோகச் சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்துவதும், ஒரு சிலிண்டரிலிருந்து மற்றொன்றுக்கு எரிவாயுவை மாற்றுவதும் 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஒழுங்குமுறை ஆணைக்கு எதிரானவை. உணவகங்களுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர் உள்ளது. எவ்வளவு கூடுதல் பணம் தருவதாகச் சொன்னாலும் இந்த வேலைகளை ஏற்கக் கூடாது.

கூலிக் கணக்கு ஏன் பொருந்தாது?

மத்திய அரசின் வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்களில், 2024 அக்டோபர் 1 முதல் 'ஏ' பிரிவு நகரங்களின் தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்கு நாளொன்றுக்கு ரூ.954 குறைந்தபட்ச ஊதியமாக நிர்ணயிக்கப்பட்டது. மாதத்துக்கு இது ரூ.24,804. குறைந்தபட்ச ஊதிய விதிகள் சுயதொழில் செய்வோருக்குப் பொருந்தாது. எனினும், கைத்தொழில் தெரிந்த ஒருவர் தமக்கென எடுத்துக்கொள்ளும் ஊதியத்துக்கு ஓர் அளவுகோலாக இத்தொகையைக் கொள்ளலாம்.

மாதம் 25,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 26 நாட்கள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ரூ.120 வருகிறது. இங்குதான் முதல் பிழை நேர்கிறது.

நிறுவனத்தில் பணிபுரிபவருக்கு வேலை இல்லாத நேரத்துக்கும் ஊதியம் உண்டு. கருவி, வாகனம், விடுப்பு, காப்பீடு ஆகியவற்றை முதலாளி பார்த்துக்கொள்கிறார். சுயதொழில் செய்பவருக்கு அந்த முதலாளியும் அவரே. மேட்டுச் சாலையில் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்லும் நேரம், அபர்தீன் பஜாரில் உதிரிபாகம் தேடும் நேரம், தொலைபேசியில் பேசும் நேரம், மழைக்காக ஒதுங்கி நிற்கும் நேரம், அழைப்பே வராத நேரம் ஆகிய எதற்கும் எவரும் தனியே பணம் தருவதில்லை. 208 மணி நேரத்தில் பாதி, அதாவது 104 மணி நேரமே கட்டணமாக மாறும் என்று கொள்வது இத்தகைய தொழிலுக்கு நியாயமான தொடக்க மதிப்பீடு.

செலவுப் பட்டியல்

அடுத்ததாக, தொழிலை நடத்தும் செலவைச் சேர்க்க வேண்டும். பின்வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான எடுத்துக்காட்டுகள் மட்டுமே. ஒவ்வொருவரும் தம் செலவை எழுதிப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

- இருசக்கர வாகன எரிபொருள், பராமரிப்பு: ரூ.3,500
- காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு: ரூ.2,000
- கருவிகளைப் புதுப்பித்தல்: ரூ.1,000
- கையிருப்பு உதிரிபாகங்களில் முடங்கும் பணம், துருப்பிடித்து வீணாவது: ரூ.1,000
- செய்த வேலைக்காகக் கட்டணமின்றி மீண்டும் செல்லுதல்: ரூ.1,000
- கசிவு அறியும் கருவி, சோதனைப் பொருட்கள்: ரூ.500
- கைப்பேசி: ரூ.500
- ரசீதுப் புத்தகம், இதர செலவுகள்: ரூ.500

மொத்தம் ரூ.10,000. சொந்த ஊதியமான 25,000 ரூபாயுடன் சேர்த்தால் ரூ.35,000. வேலை குறைந்த மாதங்களுக்கும் எதிர்பாராத செலவுக்கும் 10 விழுக்காடு ஒதுக்கினால் ரூ.38,500. இதை 104-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ ரூ.370.

முதலில் கிடைத்த 120 ரூபாயைப் போல இது மூன்று மடங்கு. இந்த 370 ரூபாய் கொள்ளை லாபம் அன்று. 120 ரூபாயை மட்டும் வாங்கினால் 104 மணி நேரத்துக்கு ரூ.12,480 கிடைக்கும். அதில் செலவு ரூ.10,000 போனால், மாதம் முழுவதும் உழைத்தவர் கையில் மிஞ்சுவது ரூ.2,480 மட்டுமே.

எதைக் குறைத்தால் விலை குறையும்?

இக்கணக்கில் விலையை அதிகம் அசைப்பது செலவுப் பட்டியல் அன்று. கட்டணமாக மாறும் மணி நேரமே. அதே ரூ.38,500 தேவைக்கு, மாதம் 130 மணி நேரம் விற்றால் கட்டணம் ரூ.296 ஆகக் குறையும். 80 மணி நேரமே விற்றால் ரூ.481 ஆக உயரும். எனவே, வாடிக்கையாளருக்கு விலையைக் குறைக்க விரும்பும் மெக்கானிக் தம் ஊதியத்தைக் குறைப்பதற்கு முன், வீணாகும் பயணத்தைக் குறைக்க முயல வேண்டும். மரைன் ஹில் அழைப்புகளை ஒரே நாளில் சேர்த்துக்கொள்வது, அதிகம் தேவைப்படும் ஜெட், வால்வுகளை வண்டியிலேயே வைத்திருப்பது, அழைப்பு வந்ததும் அடுப்பின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லி மாடலை அறிந்துகொள்வது போன்ற வழிகள் உதவும்.

நான்கு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் வேலை நேரத்தையும் பயண நேரத்தையும் தனித்தனியே எழுதி வந்தால், 104 என்ற மதிப்பீட்டுக்குப் பதிலாக உண்மையான எண் கிடைத்துவிடும். சுற்றுலாப் பருவத்திலும் மழைக்காலத்திலும் வேலையின் அளவு மாறுவதால், ஒரு மாதத்தை மட்டும் பார்க்காமல் ஆண்டு முழுவதற்குமான சராசரியைக் கொள்வதே சரி.

வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

மணிக்கணக்கில் விலை சொன்னால், வேலையை இழுத்தடிப்பார்களோ என்ற ஐயம் வாடிக்கையாளருக்கு எழும். விரைவாக வேலை முடிக்கும் அனுபவசாலிக்கும் அது நட்டமே. எனவே மணிக்கட்டணத்தை மெக்கானிக் தம் கணக்குக்கு வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் வேலைக்கான மொத்த விலையைச் சொல்வது நடைமுறைக்கு ஏற்றது. இரட்டை பர்னர் அடுப்பைச் சுத்தம் செய்து வால்வுகளுக்கு கிரீஸ் இட 45 நிமிடம், கசிவுச் சோதனைக்கு 15 நிமிடம் என்றால், வேலையின் விலை ரூ.370, உதிரிபாகம் தனி.

வந்து பார்த்தபின் வேலை வேண்டாம் என்று வாடிக்கையாளர் முடிவு செய்தால், அரை மணி நேரக் கட்டணமான ரூ.185-ஐ வருகைக் கட்டணமாகப் பெறலாம். வேலை நடந்தால் அதை மொத்த விலையில் கழித்துவிட வேண்டும். பயண நேரம் ஏற்கெனவே மணிக்கட்டணத்துக்குள் அடங்கிவிட்டதால், உள்ளூர் வேலைகளுக்கு வருகைக் கட்டணத்தை மேலும் சேர்ப்பது இரட்டை வசூலாகிவிடும். இந்த நிபந்தனையை அழைப்பு வந்தபோதே சொல்லிவிடுவது தகராறைத் தவிர்க்கும்.

தொலைவான வேலைக்குக் கணக்கு வேறு. ஸ்வராஜ் தீவில் உள்ள ஓர் உணவகத்துக்குப் படகில் சென்று திரும்பினால், வேலை ஒரு மணி நேரமே ஆனாலும் நாள் முழுவதும் போய்விடும். மாதம் 104 மணி நேரம் என்பது நாளுக்கு 4 மணி நேர விற்பனை. ஆகவே அந்த நாளின் குறைந்தபட்சக் கட்டணம் ரூ.1,480. படகுக் கட்டணமும் உணவும் இதற்கு மேல்.

உணவகங்களில் சமையல் முடிந்த பின்னரே வேலையைத் தொடங்க முடியும் என்பதால், இரவு நேரக் கட்டணம் என்ற கேள்வியும் எழுகிறது. தொழிற்சாலைத் தொழிலாளரின் மிகைநேரப் பணிக்கு இரு மடங்கு ஊதியம் தர வேண்டும் என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கூறியது. சுயதொழிலுக்கு அது பொருந்தாவிட்டாலும், இரவு வேலைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பதற்கு நல்ல முன்னுதாரணம்.

உதிரிபாகத்தில் ஈடுகட்டலாமா?

சேவைக் கட்டணத்தைக் குறைத்துச் சொல்லி, உதிரிபாகத்தின் விலையை ஏற்றி ஈடுகட்டும் வழக்கம் பல தொழில்களில் உண்டு. இதற்குச் சட்டத் தடை இருக்கிறது. பொட்டலத்தில் அச்சிடப்பட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது எடையளவுச் சட்ட விதிகளின்படி குற்றம். தீவுக்குக் கொண்டுவரும் செலவைக் காரணம் காட்டியும் அந்த விலையை மீற முடியாது. எனவே, கொண்டுவரும் செலவும் கையிருப்பில் முடங்கும் பணமும் சேவைக் கட்டணத்திலேயே அடங்க வேண்டும். முத்திரையற்ற மலிவுப் பொருளைப் பொருத்தி லாபம் பார்ப்பது இதைவிட ஆபத்தான வழி.

விநியோகஸ்தரின் 236 ரூபாய்

பேரத்தின்போது வாடிக்கையாளர்கள் எடுத்துக்காட்டும் தொகை ஒன்று உண்டு. எரிவாயு விநியோகஸ்தரின் மெக்கானிக் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் கட்டாய ஆய்வுக்கு, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.236 என அண்மை ஆண்டுகளில் வசூலிக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனங்கள் நாடு தழுவிய அளவில் நடத்திய அடிப்படைப் பாதுகாப்பு இயக்கத்தின்போது, சிலிண்டர் வழங்க வந்த இடத்திலேயே 12 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுகள் இலவசமாகவே செய்யப்பட்டன. ரெகுலேட்டரையும் அடுப்பையும் இணைக்கும் டியூப்பும் சலுகை விலையில் மாற்றித் தரப்பட்டது.

அந்தத் தொகையையும் சுயதொழில் மெக்கானிக்கின் விலையையும் ஒப்பிடுவது பொருந்தாது. விநியோகஸ்தரின் ஊழியர் ஒரே தெருவில் பல வீடுகளை வரிசையாகப் பார்க்கிறார். அவருடைய நேரம் பயணத்தில் வீணாவது குறைவு. மேலும், பாதுகாப்பு ஆய்வு என்பது பழுதுபார்ப்பு அன்று. ஆய்வில் குறை கண்டறியப்பட்ட அடுப்பைச் சரிசெய்வது தனி வேலை. இந்த வேறுபாட்டை விளக்குவதோடு, ஐந்தாண்டு ஆய்வை விநியோகஸ்தரிடமே செய்துகொள்ளுமாறு சொல்லும் மெக்கானிக் வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறுவார்.

பிரிட்டன் தரும் பாடம்

பிரிட்டனில் எரிவாயு சாதனங்களைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இடம்பெற்றவர்களுக்கே அனுமதி. 2009 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவேடு நடைமுறையில் உள்ளது. பதிவு பெற்றவர்கள் தங்கள் தகுதியை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்வின் மூலம் புதுப்பிக்க வேண்டும். பயிற்சி, பதிவு, கருவிப் பரிசோதனை ஆகியவற்றின் செலவு அனைவருக்கும் பொதுவானது என்பதால், அது எல்லோருடைய மணிக்கட்டணத்திலும் ஏறுகிறது. பாதுகாப்பைக் கைவிட்டு விலையைக் குறைப்பவர் சட்டத்தின் பிடியில் சிக்குவார்.

இந்தியாவில் அடுப்பு பழுதுபார்க்கும் சுயதொழில் மெக்கானிக்குக்கு இதுபோன்ற கட்டாயப் பதிவேடு இல்லை. ஆகவே, சோதனை செய்பவரும் செய்யாதவரும் ஒரே தெருவில் போட்டியிடுகின்றனர். சோதனைக்கான நேரத்தை விலையில் சேர்க்காதவர், அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் முதலில் கைவிடுவது அதையே. மாற்றிய பாகம் வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியும். செய்யாமல் விட்ட சோதனை தெரியாது.

அந்த 15 நிமிடம்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழுந்து கலையாமல் தரையோடு படர்ந்து, தாழ்வான இடத்தில் தங்கும். சரிவான நிலத்தில் அமைந்த வீடுகளில், சமையலறைக்குக் கீழே உள்ள அறைக்கும் அது இறங்கக்கூடும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும் நிலை உருவாகும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பது ஒருபோதும் கூடாது. குமிழ்களை மூடிய நிலையிலும், பின்னர் ஒவ்வொரு பர்னரையும் எரியவிட்டும் பார்க்க வேண்டும். சுடர் நீலமாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும். மஞ்சள் சுடர் எரிவாயு முழுமையாக எரியவில்லை என்பதைக் காட்டுகிறது; அப்போது நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடும் உருவாகலாம். டியூப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் காலாவதி ஆண்டும் உள்ளனவா என்பதையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ரசீதில் 'கசிவுச் சோதனை செய்யப்பட்டது' என்ற வரி தனியே இடம்பெற்றால், தாம் எதற்குப் பணம் தருகிறோம் என்பது வாடிக்கையாளருக்கும் புரியும். இந்த வரியின் விலை பேரத்துக்கு உரியதாக இருக்கக் கூடாது.

எரிவாயு நாற்றம் வருவதாக யாராவது அழைத்தால், அது கட்டணம் பேசும் நேரம் அன்று. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, மின்சுவிட்சுகளைத் தொடாமல் வெளியேறி, 1906 என்ற அவசர எண்ணை அழைக்குமாறு சொல்வதே முதற்கடமை.

காப்பீடும் பதிவும்

கட்டணத்தில் காப்பீட்டுக்கென ஒதுக்கிய பணம் வேறு செலவில் கரைந்துவிடக் கூடாது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.20 செலுத்தினால் ரூ.2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.436-க்கு ரூ.2 லட்சம் ஆயுள் காப்பீடு உள்ளது. அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். இவை மட்டும் ஒரு குடும்பத்துக்குப் போதுமானவை அல்ல, தொடக்கமாகக் கொள்ளலாம்.

குறுந்தொழிலுக்கான உதயம் பதிவு கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வங்கிக் கடனுக்கும் ஓட்டல்களின் ஒப்பந்த வேலைக்கும் அது உதவும். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் ரூ.20 லட்சத்தைத் தாண்டாத வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாதவர் ரசீதில் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது என்பது குறிப்பிடத்தக்கது.

வாடிக்கையாளர் கவனிக்க வேண்டியவை

வேலை தொடங்கும் முன் மொத்த விலையைக் கேட்பது, மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெறுவது, ரசீது வாங்குவது ஆகியவை வாடிக்கையாளரின் உரிமைகள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணம் பெற்றுச் செய்யும் சேவையின் குறைபாட்டுக்கும் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விலையை ஒப்பிடும்போது, யார் குறைவாகக் கேட்கிறார் என்பதோடு, வேலை முடிந்ததும் கசிவைச் சோதிப்பவர் யார் என்பதையும் கேட்பது நல்லது.

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எரிபொருள் விலை, உதிரிபாக விலை, கட்டணமாக மாறிய மணி நேரம் ஆகிய மூன்றையும் மீண்டும் எழுதிப் பார்த்து மணிக்கட்டணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். உயர்வு தேவைப்பட்டால் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லலாம். எந்த மாற்றத்திலும் கசிவுச் சோதனைக்கான 15 நிமிடம் மட்டும் குறையாமல் இருக்க வேண்டும்.